வரிசையும் நியாயமும்

முந்தி வந்தவர்க்கு முதற்சரக்கு என்பது வியாபாரிகளாகிய நாம் நன்கறிந்த நியதி. ஏழை, பணக்காரர் என்ற பேதமின்றி எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்துவதே நியாயம் என்கிறோம். ஆனால் வரிசையில் நிற்கவே இயலாத ஒரு பிள்ளைக்கு இந்நியதி எங்ஙனம் பொருந்தும்? சற்றே சிந்திப்போம்.

ஆட்டிசம் என்னும் மூளை வளர்ச்சி வேறுபாட்டை 1943-ம் ஆண்டில் லியோ கானர் என்ற டாக்டர் 11 பிள்ளைகளைக் கவனித்து விவரித்து எழுதினார். இத்தகைய பிள்ளைகள் பலருக்குப் பெருஞ்சத்தமும் ஜன நெருக்கமும் தாங்கவொண்ணா வேதனை. செந்தோசாவில் 2010-ல் திறந்த யூனிவர்சல் ஸ்டூடியோசுக்கோ, ஜொகூரில் 2012-ல் திறந்த லெகோலாந்துக்கோ விடுமுறை நாளில் போனவர்கள், சில நிமிஷ விளையாட்டுக்காக எவ்வளவு நேரம் நிற்க நேரிடும் என்பதை அறிவார்கள். நமக்கு அது சலிப்பு; அப்பிள்ளைக்கோ சித்திரவதை. அது காதைப் பொத்திக்கொண்டு தரையில் விழுந்து அழுதால், "வளர்ப்புச் சரியில்லை" என்று பெற்றோரைப் பழிப்பவரும் உண்டு.

அமெரிக்காவிலுள்ள டிஸ்னி பூங்காக்கள் இத்தகையோருக்கு ஒரு சீட்டு வழங்கி வந்தன. அதைக் காட்டினால் பெரும்பாலும் வேறு வாசல் வழியே விரைவாகப் போய்விடலாம். செல்வந்தர் சிலர் உடற்குறையுள்ளோரைக் கூலிக்கு அமர்த்தி வரிசையைத் தாண்டியதாக 2013-ல் பத்திரிகைகள் எழுதின. அவ்வாண்டு அக்டோபரில் முறை மாறிற்று. வரிசை ஒரு மணி நேரமாயின், பிள்ளையையும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்து வரச்சொல்லி நேரம் குறித்துக் கொடுக்கலாயினர். அதுவரை அது நிழலில் அமரலாம், பசியாறலாம். காத்திருக்கும் காலம் ஒன்றே, இடந்தான் வேறு.

இதிலென்ன அநியாயம்? தராசின் ஒரு தட்டில் படிக்கல்லும் மறு தட்டில் அரிசியும் வைக்கிறோம். இரண்டும் ஒரே பொருளல்ல. எனினும் முள் நேராக நிற்கிறது. சமம் என்பது எடையிலே, பொருளிலே அல்ல.

ஆயினும் பொய்யர் செய்த கேட்டை மறக்கலாகாது. கடன் வாங்கியவன் ஏமாற்றினால் கடைக்காரர் எல்லோருக்கும் கடனை நிறுத்துகிறார். நாணயமானவனும் வெறுங்கையோடு திரும்புகிறான். அவ்வாறே 2024-ல் டிஸ்னி விதிகள் மேலும் இறுகின. ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறையால் நெடுநேரம் வரிசையில் நிற்க இயலாதவர்க்கே அவ்வசதி உரியதாயிற்று. வேறு நோயுள்ளோர் பலர் வெளியே நின்றனர். தன் பிள்ளையின் குறையை அந்நியரிடம் விவரித்து ஒப்பம் பெறவேண்டிய தாயின் வேதனையிலும் அப்பொய்யருக்குப் பங்குண்டு.

குறித்த நேரம் வரை காத்திராமல் உடனுக்குடன் அனுமதிக்க வேண்டுமென்று ஒரு குடும்பம் தொடுத்த வழக்கைப் புளோரிடாவிலுள்ள மத்திய நீதிமன்றம் 2020-ல் ஏற்கவில்லை. சட்டம் அங்கே நின்றுவிடுகிறது. இரக்கம் அங்கே நிற்கவேண்டியதில்லை. பிறர் முறையை எடுத்துக் கொடுக்க நமக்கு உரிமையில்லை; நம் முறையை விட்டுக்கொடுக்க யாரைக் கேட்கவேண்டும்?

ஆகவே சகோதரர்களே, பூங்காவிலாயினும் நம் கடை வாசலிலாயினும் அத்தகைய பிள்ளையைக் கண்டால், முறைத்துப் பாராமல் ஓரடி விலகி வழிவிடுவோம். அதனால் நமக்கு நஷ்டம் சில நிமிஷங்களே.