அருவிக்கு விலை உண்டா?

குற்றாலத்து அருவி, குளிக்க வருபவனின் குலம் கேட்டு விழுவதில்லை. மடியில் உள்ள பணத்தை எண்ணிப் பார்த்தும் விழுவதில்லை. நீர் பொது என்கிறோம். அறிவு மட்டும் கடைச்சரக்கா?

இன்று அறிவு வரும் வழி இணையம். சான்றிதழும், தேர்வு விண்ணப்பமும், பாடமும் அவ்வழியே வருகின்றன. 2020-இல் பள்ளிகள் அடைபட்டபோது, இணைப்பற்ற வீட்டுப் பிள்ளை பாடத்தையே இழந்தது. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையிலோ, 2011 முதல் சோகோ நிறுவனம் மென்பொருள் ஆக்குகிறது. கம்பி வந்தால் சிற்றூரும் உலகோடு தொழில் செய்யும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

"செல்பேசி இருக்கிறதே, போதாதா?" என்பர் சிலர். நாளைக்கு இவ்வளவு என அளந்து ஊற்றும் இணைப்பில், மூன்று பிள்ளைகள் உள்ள வீடு எப்படிக் கற்கும்? "கம்பிக்குச் செலவாகுமே" என்பர் வேறு சிலர். மின்சாரத்துக்கும் செலவுண்டு, குடிநீருக்கும் உண்டு. அவற்றை இலாபம் தரும் தெருவுக்கு மட்டும் போதுமென்று விட்டோமா?

புளியரையைக் கடந்தால் கேரளம். 20 இலட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்ற குறிக்கோளுடன், 2023 சூன் 5-இல் கே-போன் திட்டத்தை அவ்வரசு தொடங்கியது. நம் நாட்டிலும் 12,525 ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை கொண்டு செல்லும் திட்டம் உண்டு, வரவேற்கிறோம். ஆனால், ஊராட்சி அலுவலகத்தோடு இழை நின்றுவிடலாகாது. ஊருக்கு வந்தது சேரிக்கு வரவில்லை என்ற பழங்கதை மீண்டும் வேண்டாம்.

அன்று பிறப்பைக் காட்டிக் கல்விக் கதவை அடைத்தனர். இன்று விலையைக் காட்டி அடைப்பதா? ஏழைக்கு எட்டும் விலையில் வீடுதோறும் இணையம் வேண்டும். தோழர்களே, இரந்து அல்ல, உரிமையோடு கேட்போம்!