முகமறியாத் தருமம்

விடியுமுன் தேனி மாவட்டத்துக் கம்பத்திலிருந்து ஜீப்பேறி ஏலத் தோட்டத்திற்குப் போய், அந்தி சாய்ந்து வீடு திரும்பிய தாயொருத்தி, அனலாய்க் கொதிக்கும் பிள்ளையைத் தொட்டுப் பார்த்துப் பதறி, 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணை அழைக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். "எத்தனை நாளாக் காய்ச்சல்மா? தண்ணி குடிக்கிறானா?" என்று விசாரித்து, காலையில் ஆரம்ப சுகாதார நிலையம் போதுமா, இரவே கானாவிலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டுமா என்று வழிசொல்கிறது ஒரு குரல். சம்பளம் வாங்கிக்கொண்டு செய்யும் இக்காரியம் தருமமாகுமா?

ஆகும் என்பதே என் துணிபு. நேரில் அன்னமிடுகிறவனுக்கு உண்டவன் முகமலர்ச்சியாவது பிரதிபலனாகக் கிட்டுகிறது. பிள்ளை பிழைத்தானா என்பதைக்கூட அறியாமல் அடுத்த அழைப்பை எடுக்கிறவருக்கு அதுவுமில்லை. ஊதியம் வயிற்றை நிரப்பும். ஒரே கேள்வியை மூன்றாம் முறை கேட்கிறவளிடம் காட்டும் பொறுமையை எந்த ஊதியமும் வாங்கித் தராது. நிஷ்காமிய கர்மம் என்று பெரியோர் சொன்னதற்கு இதைவிட அண்மையான நிலையை நான் அறியேன்.

ஆயினும் குரல் மட்டும் காய்ச்சலைத் தணிப்பதில்லை. மருத்துவரும் படுக்கையும், தமிழ்நாட்டில் 2008 முதல் ஓடும் 108 அவசர ஊர்தியும் உரிய நேரத்தில் வாய்க்காவிடில் அக்கருணை வெறும் சப்தமே. ஆகவே இத்தருமத்தில் அரசுக்குள்ள பங்கு தானமன்று, கடமை.

முகமறியா உபகாரம் கம்பம் பள்ளத்தாக்குக்குப் புதிதுமன்று: 1895-இல் அணைகட்டி முல்லைப் பெரியாற்றைக் கிழக்கே திருப்பிய ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுவிக்குக்கு, அவரைக் கண்டிராத உழவர்கள் இன்றும் பொங்கலிடுகிறார்கள்.

காய்ச்சலுக்குக் குரல் மட்டும் போதாது என்றேன்; மனத்துயருக்கென 2022-இல் நாடெங்கும் தொடங்கிய 14416 என்ற உதவி எண்ணிலோ நிலைமை இன்னும் நுட்பமானது. அங்கே பல வேளைகளில் பொறுமையாகக் கேட்பதே சிகிச்சையின் முதற்பகுதி.