வழக்குச் செலவும் வாய்மை விரதமும்

மணமுறிவு வழக்கில் ஒருவர், தம்மை எதிர்த்து வாதிடும் வழக்கறிஞருக்குத் தாமே ஊதியம் கொடுக்க நேரும் என்பது பலர்க்கு வியப்பளிக்கும். ஆயினும் சட்டம் அதற்கு இடந்தருகிறது. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் சமணர்களாகிய நமக்கும் உரியது. 2014இல் நாம் தேசியச் சிறுபான்மையினராக அறிவிக்கப்பட்டதைக் காட்டி இந்தூர்க் குடும்பநல நீதிமன்றம் மாறாகக் கருதியபோது, 2025 மார்ச்சில் மத்தியப் பிரதேச உயர்நீதிமன்றம் அம்முடிவை நீக்கியது. அச்சட்டத்தின் 24ஆம் பிரிவின்படி, கணவன் மனைவி இருவருள் போதிய வருவாய் இல்லாதவர்க்கு மற்றவர் வழக்குச் செலவும், வழக்கு முடியும்வரை மாதத்தொகையும் தருமாறு நீதிமன்றம் ஆணையிடலாம்.

இது முறையோ என வினவுவோர் உளர். பொருளுடையவர் மட்டுமே பேசும் மன்றத்தில் வெளிப்படுவது ஒரு நயமேயன்றி முழு உண்மையன்று. அநேகாந்தம் போற்றும் நாம், மற்றவர் பேசுதற்கான செலவைத் தண்டனையெனக் கொள்ளல் பொருந்தாது.

இடர் இருப்பது தொகையில். இருவர் வருவாயையும் நோக்கியே அது முடிவாகிறது; வருவாயோ மறைக்கப்படுகிறது. அதனால்தான் 2020 நவம்பரில் உச்சநீதிமன்றம், இருதரப்பாரும் சொத்து, கடன் விவரங்களை உறுதிமொழிப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டுமென்றது. அதில் பொய் எழுதுவது, தத்துவார்த்த சூத்திரம் வாய்மை அணுவிரதத்திற்குக் கூறும் ஐந்து அதிசாரங்களுள் கூடலேகக்கிரியை ஆகும். இது எவர்க்கும் விளங்கும்.

நுட்பமானது நியாசாபகாரம். பொன்னை அடைக்கலமாக வைத்தவர் அளவை மறந்து குறைத்துக் கேட்க, பெற்றவர் "ஆம், அவ்வளவே" என்று கொடுத்துவிடுதல் என இதனைப் பூஜ்யபாதரின் சர்வார்த்தசித்தி விளக்குகிறது. அவர் பொய்யொன்றும் புனையவில்லை. பிறர் மறதிக்கு உடன்பட்டார், அவ்வளவே! நெல்லும் மணிலாவும் விற்ற கணக்கை ஒருநாளும் கண்டிராத மனைவி, அறியாமையால் குறைத்துக் கேட்கிறாள். வேளாண் வருவாய்க்கு வருமான வரி இல்லையாதலின், ஏடுகளிலும் அது எளிதில் தென்படாது. கணவன் வாளாவிருக்கிறான். மறதியின் இடத்தில் அறியாமை நிற்கிறது. மற்றவை யாவும் ஒன்றே.

"கேட்டதற்கு மேல் வாய் திறவாதே" என அவனுக்கு அறிவுரை கூறும் உறவினரும் உளர். அவர் செய்வதற்கும் அவ்வைந்தனுள் பெயர் உண்டு: மித்யோபதேசம். தையலிலோ தனிப்பயிற்சியிலோ ஈட்டுவதை மறைத்துச் செலவு கோரும் மனைவிக்கும் இவையே பொருந்தும். 24ஆம் பிரிவும் ஆண், பெண் என வேறுபாடு காட்டவில்லை.