இடைப்பட்ட ஓராண்டு யாருக்குச் சொந்தம்?



ஹட்டனிலோ தலவாக்கலையிலோ நுவரெலியாவிலோ ஒரு தோட்டத்துப் பிள்ளை மருத்துவ பீடத்துக்குத் தெரிவானது என்றால், அந்தத் தோட்டமே மகிழ்கிறது. ஆனால் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த நாளுக்கும் பல்கலைக்கழக வாசலை மிதிக்கும் நாளுக்கும் இடையே ஓராண்டோ அதற்கு மேலோ கழிந்துவிடுவது நம் நாட்டு வழக்கம். பெறுபேறு, இசட் புள்ளி, வெட்டுப்புள்ளி, பதிவு என ஒவ்வொன்றுக்கும் காத்திருக்க வேண்டும். இந்த ஓராண்டை என்ன செய்வது? இது வசதியைப் பற்றிய கேள்வி மட்டுமன்று, ஒழுக்கத்தைப் பற்றிய கேள்வியுமாகும்.

அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரியை நாடும் இளைஞர் பலர், சேருமுன் ஓராண்டை ஒதுக்கி ஆராய்ச்சிக்கூடங்களில் வேலை செய்கின்றனர். அறிவுத் தாகம் ஒரு காரணம். விண்ணப்பத்துக்கு அது பலம் சேர்க்கும் என்பது மற்றொரு காரணம். நம் நாட்டு அரச மருத்துவ பீடங்களுக்கோ உயர்தரப் புள்ளியே நுழைவுச்சீட்டு. ஆராய்ச்சிக்கு அரைப் புள்ளியும் கிடையாது. ஆகவே நம் பிள்ளை ஒன்றை ஆராய்ந்தறிய முற்பட்டால் கிடைக்கும் ஊதியம் அறிவு ஒன்றே. அப்படியானால் அந்த ஆண்டு வீண்தானே என்று சிலர் கேட்கலாம். ஊதியம் எதிர்பாராத உழைப்பிலேதான் நோக்கத்தின் தூய்மை தெரியும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இன்னொரு கேள்வி இதைவிடக் கடினமானது. தாய் கூடை சுமந்து மலையேறும்போது, பிள்ளை ஆராய்ச்சி என்று சொல்லி இருக்கலாமா? கூடாது. வீட்டுக் கஷ்டத்தைக் காணாத கல்வி கல்வியே அன்று. சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தோ கடையில் வேலை செய்தோ வீட்டுக்கு நாலு காசு கொண்டு வருவது இழிவன்று. ஆனால் பிள்ளையின் ஆண்டு முழுவதையும் சம்பளமாக மாற்றிவிட வேண்டும் என்று பெற்றோரும் எண்ணலாகாது. மருத்துவக் கல்வி ஆங்கிலத்தில் நடப்பது. மலைநாட்டு வைத்தியசாலைகளிலோ சிங்களம் இன்றியமையாதது. இவ்விரு மொழிகளையும் பழகவும், தன் மக்களின் நோயை அறியவும் சில மணி நேரமாவது பிள்ளைக்கு விட்டுக் கொடுங்கள்.

தன் மக்களின் நோயை அறிவது ஏன் கடமையாகிறது? பல்கலைக்கழக இடங்களில் 40 விழுக்காடு அகில இலங்கைத் திறமை அடிப்படையில் வழங்கப்படுகிறது. 55 விழுக்காடு மாவட்டங்களின் மக்கள்தொகைக்கேற்பப் பகிரப்படுகிறது. எஞ்சிய 5 விழுக்காடு, கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்குரியது. அவற்றுள் நுவரெலியாவும் ஒன்று. இதன் பொருளைச் சிந்தியுங்கள். மக்கள்தொகைக் கணக்கில் லயத்துக் கிழவியும் பிள்ளை மடுவத்தில் உறங்கும் குழந்தையும் ஆளுக்கு ஒரு தலை. அந்தத் தலைகளைக் கூட்டித்தான் மாவட்டத்தின் பங்கு வந்தது. மாவட்டப் பங்கில் இடம் பெறும் மாணவர் தம் உழைப்பால்தான் அதைப் பெறுகிறார். எனினும் அவர்களுக்கும் அதில் பங்குண்டு என்பதை மறக்கலாகாது.

அவர்களின் நிலை என்ன? 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதும் ஏறத்தாழ 17 விழுக்காடு. தோட்டப்புறத்திலோ ஏறத்தாழ 32 விழுக்காடு. மூன்றில் ஒரு குழந்தை! ஆய்வாளர்கள் எண்ணிக்கையைத் தந்துவிட்டார்கள். லயத்து அடுப்படியில் நேற்று என்ன வெந்தது, பீலித் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அம்மா மலைக்குப் போனபின் குழந்தைக்கு யார் ஊட்டுகிறார் என்பதை அங்கேயே பிறந்த பிள்ளையைவிட யார் நன்கு கேட்டறிய முடியும்?

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். 1916ஆம் ஆண்டில் ராக்பெல்லர் நிறுவனத்தின் உதவியோடு மலைநாட்டுத் தோட்டங்களில் கொக்கிப் புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கிற்று. தொழிலாளரைச் சோதித்தார்கள், மருந்து கொடுத்தார்கள், கணக்கும் எழுதினார்கள். ஆனால் தோட்ட நிருவாகங்கள் போதிய கழிப்பறைகளைக் கட்டிக் கொடுக்கவில்லை. வெறுங்காலோடு அதே மண்ணில் நடந்தவர்களுக்குப் புழு மீண்டும் தொற்றிற்று. கணக்குப் புத்தகம் நிறைந்தது, நோயோ நிலைத்தது. மனிதரை எண்ணிக்கையாக மட்டும் கண்டு, அவர் வாழும் வாழ்வை மாற்றாத ஆராய்ச்சியின் கதி இதுதான்.

ஆகவே பிள்ளைகளே, மூன்றை மனத்தில் கொள்ளுங்கள். முதலாவது, கேட்காமல் எழுதாதீர்கள். மனிதரைப் பற்றிய ஆராய்ச்சிக்கு அவரது மனமார்ந்த சம்மதம் வேண்டும் என்பதை 1964ஆம் ஆண்டின் ஹெல்சிங்கி பிரகடனம் மருத்துவ உலகுக்கு வலியுறுத்திற்று. அடுத்த காம்பராவில் இருப்பவர் மாமி முறையானவர் என்பதால் அந்தச் சம்மதம் தானாக வந்துவிடாது. குடிப்பழக்கமோ கருச்சிதைவோ, நம்பிச் சொன்ன சொல் உங்களோடு நிற்கட்டும். இரண்டாவது, இன்னும் மருத்துவராகவில்லை என்பதை மறவாதீர்கள். மருந்து சொல்லாதீர்கள், நோயாளியை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள், மொழி தெரியாதவருக்கு வாயாக நில்லுங்கள். மூன்றாவது, அறிந்ததை அந்த மக்களிடமே திருப்பிக் கொடுங்கள். குடிநீர் கெட்டிருப்பதாகத் தோன்றினால் உங்கள் குறிப்பேட்டோடு நிறுத்திவிடாமல், குடும்பநல உத்தியோகத்தருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் தோட்ட நிருவாகத்துக்கும் தெரிவியுங்கள்.

வெட்டுப்புள்ளி கைநழுவிப் போனால் என்ன செய்வது என்று அஞ்ச வேண்டாம். மூன்று முறை பரீட்சை எழுத இடமுண்டு. அதுவும் வாய்க்காவிட்டால், தாதியாகவோ ஆசிரியராகவோ தோட்டத்துத் தலைவராகவோ வரப்போகும் ஒருவருக்கு இந்த அறிவு பயன்படாமற் போகுமா?

பெற்றோரே, பிள்ளை வைத்தியராக வேண்டும் என்று ஆசைப்படுங்கள், தவறில்லை. யாருக்கு வைத்தியர் என்ற கேள்வியையும் இந்த ஆண்டிலேயே வீட்டில் பேசிக்கொள்ளுங்கள். வெள்ளை மேலங்கி அணிந்தபின் அதைக் கேட்க நேரமிருக்காது.