யாரும் கேட்காத மொழிக்கு இலக்கணம்

“இதனால என்ன பிரயோசனம்?”

இந்த ஒரு கேள்விக்குப் பயந்துதானே அந்த நோட்டை மூடி வைத்திருக்கிறாய், தம்பி? அப்பா கேட்பார். அக்கா வீட்டுக்காரர் கேட்பார். கூடப் படித்தவன் சிரித்துக்கொண்டே கேட்பான். நோட்டில் இருப்பது பாதியில் நிற்கும் கதையாக இருக்கலாம், இல்லாத தீவுக்கு நீ வரைந்த வரைபடமாக இருக்கலாம், நீயே சட்டம் போட்டு உருவாக்கிய ஆட்டமாக இருக்கலாம். கேள்வி வந்ததும் தலையைக் குனிந்துகொள்கிறாய் பார், அந்தக் குனிவின் மேல்தான் எனக்குக் கோபம்.

1931 நவம்பரில், ஆக்ஸ்ஃபோர்டின் பெம்ப்ரோக் கல்லூரியில் ஒரு பேராசிரியர் எழுந்து தன் கெட்ட பழக்கத்தைப் பற்றிப் பேசினார். வயது 39. நான்கு குழந்தைகளின் தகப்பன். பழைய ஆங்கிலம் கற்பிக்கிற பெரிய பதவி. அப்படிப்பட்டவருக்கு என்ன கெட்ட பழக்கம், குடியா, சூதாட்டமா? புதிதாக மொழி செய்வது! வீட்டில் உட்கார்ந்து ஒலிகளைப் பொறுக்கி, வேர்ச்சொல் அமைத்து, வேற்றுமை உருபு ஒட்டிப் பார்ப்பது. அவர்தான் ஜே. ஆர். ஆர். டோல்கீன். ‘த ஹாபிட்’ வெளிவர இன்னும் ஆறு வருடம் இருந்தது. ‘த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ வர 23 வருடம். புகழ் என்ற கவசம் எதுவும் இல்லாத நாளில், சபை நடுவே, நான் இப்படி ஒரு வேலை செய்கிறேன் என்று நிமிர்ந்து சொன்னார். கூச்சம் இருந்தது, சொல்லவும் செய்தார்.

அந்தப் பேச்சில் அவர் சொன்ன ஒரு சம்பவம் என்னை விடமாட்டேன் என்கிறது. ராணுவப் பயிற்சிக் காலம். ஈரமான கூடாரம், ஆட்டுக்கொழுப்பு நாற்றம், வரைபடம் படிப்பது பற்றியோ முகாம் சுகாதாரம் பற்றியோ யாரோ வகுப்பெடுத்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் இருந்த ஒரு சிப்பாய் கனவில் பேசுகிறவன்போல முணுமுணுக்கிறான்: இரண்டாம் வேற்றுமைக்கு முன்னொட்டு வைத்துவிடலாம்! நாம் ‘பாலை’ என்று பின்னால் ஒட்டுகிறோமே, அந்த ‘ஐ’யைத் தூக்கி முன்னால் வைப்பதாக அவன் முடிவு செய்துவிட்டான். போர் வாசலில் நிற்கிறது, அவன் மனசுக்குள் ஓர் இலக்கணம் ஓடிக்கொண்டிருக்கிறது. டோல்கீனுக்கு அந்த இலக்கணத்தைப் பற்றி அதற்குமேல் எதுவும் தெரியவரவில்லை. அவன் சொல்லவில்லை. வெட்கம். அந்த மொழியின் ஒரு சொல்கூட இன்று எவருக்கும் தெரியாது. அவன் பெயரும் தெரியாது. ஒரு முழு மொழியை ஒரு மனிதனின் கூச்சம் தின்றுவிட்டது.

இரண்டு பேருக்கும் ஒரே பைத்தியம்தான். ஒருவர் பேசினார், மற்றவர் பேசவில்லை.

டோல்கீனுக்கு வசதி இருந்தது, அதனால் முடிந்தது என்று சொல்லிவிடாதே. நாலு வயதில் அப்பாவை இழந்தவர், பன்னிரண்டு வயதில் அம்மாவையும் இழந்தவர். பர்மிங்காமில் வீட்டுக்குப் பின்னால் போகும் நிலக்கரி வண்டிகளில் எழுதியிருந்த வெல்ஷ் ஊர்ப் பெயர்களைப் பார்த்து மயங்கிய பையன் அவர். கல்லூரி நூலகத்தில் ஃபின்னிய மொழி இலக்கணப் புத்தகம் கிடைத்தது, தலைக்கேறிவிட்டது. 1913இல் லத்தீன், கிரேக்கத் தேர்வில் முதல் வகுப்பு போய் இரண்டாம் வகுப்புதான் வந்தது. நம் வீடாக இருந்தால் அந்தப் புத்தகத்தைப் பரணில் போட்டுப் பூட்டியிருப்பார்கள். அவரோ பாடத்தை மாற்றிக்கொண்டார். 1915இல் தன் மொழிக்கு அகராதியே எழுதத் தொடங்கினார். அடுத்த வருடம் முதல் உலகப் போரின் ஸோம் போர்க்களம். நெருங்கிய நண்பர்களில் இருவர் அந்த ஆண்டுக்குள் இறந்தார்கள். இவர் காய்ச்சலோடு ஊர் திரும்பினார். அகராதி நிற்கவில்லை.

சரி, அப்படி என்னதான் செய்தார்? கிட்டே வந்து பார்.

க்வென்யா என்ற மொழியில் ‘கிர்யா’ என்றால் கப்பல். ‘கிர்யன்னா’ கப்பலை நோக்கி, ‘கிர்யல்லோ’ கப்பலிலிருந்து, ‘கிர்யஸ்ஸே’ கப்பலில், ‘கிர்யனென்’ கப்பலால். உருபு சொல்லின் வாலில் ஒட்டுகிறது. நமக்கு இது வீட்டுச் சமாசாரம். ‘கிர்யர்’ என்றால் கப்பல்கள், ‘கிர்யத்’ என்றால் இரண்டு கப்பல்கள். தமிழில் இல்லாத இருமை இது, சமஸ்கிருதத்தில் உண்டு. ஒலியிலும் கண்டிப்பு அதிகம். வல்லெழுத்தை அதிர்த்துச் சொல்லி எந்தச் சொல்லும் தொடங்கக் கூடாது. ‘தங்கம்’, ‘பந்து’, ‘கம்பு’ என்கிறபோது மெல்லினத்துக்குப் பின்னால் க, த, ப மென்மையாக அதிர்கிறதே, அந்த மாதிரி இடங்களிலும் லகர, ரகரத்துக்குப் பின்னாலும்தான் அங்கே அதிர்வுக்கு அனுமதி. தமிழைப் பார்த்து அமைத்ததில்லை. அவர் காதில் இருந்தவை லத்தீனும் ஃபின்னியமும் கிரேக்கமும். ஆனாலும் படிக்கிறபோது நம் நாக்கு அந்த மொழியை அந்நியமாக நினைப்பதில்லை. சிந்தாரின் என்ற இன்னொரு மொழியையும் வெல்ஷ் சாயலில் செய்தார். அதில் ‘அமோன்’ குன்று, பன்மையில் சொல்லின் வயிறே மாறி ‘எமின்’ ஆகிவிடும். எனக்கு என்னவோ க்வென்யாதான் பிடிக்கும்.

இதோடு விட்டிருந்தால் கெட்டிக்காரப் பொழுதுபோக்கு என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். அவர் அதற்கும் கீழே தோண்டினார். இரண்டு மொழிகளுக்கும் ஒரு தாய்மொழி வைத்தார். அதிலிருந்து ஒவ்வொன்றும் எப்படிப் பிரிந்தது என்பதற்கு ஒலிமாற்ற விதி எழுதினார். நம் ‘பால்’ கன்னடத்தில் ‘ஹாலு’ ஆனதும் ‘பல்’ ‘ஹல்லு’ ஆனதும் ஒரே விதியால்தானே? அதே ஒழுங்கு. க்வென்யா சொல்லின் தொடக்கத்தில் அதிர்ந்து ஒலித்த ககரத்தை உதிர்த்துவிட்டது, சிந்தாரின் காப்பாற்றிக்கொண்டது. சிந்தாரின் கடைசி உயிரை உதிர்த்துவிட்டது, க்வென்யா வைத்துக்கொண்டது. ஆகவே மரம் இங்கே ‘அல்டா’, அங்கே ‘கலத்’. கல் இங்கே ‘ஒண்டோ’, அங்கே ‘கோண்ட்’. ‘த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ திரைப்படத்தில் நீ பார்த்த கோண்டோர் என்ற நாடு இருக்கிறதே, அந்தப் பெயரில் இருப்பது இந்தக் கல்தான்.

கவனி. இந்த விதிகளை மீறினால் அவரை யார் கேட்கப் போகிறார்கள்? அந்த மொழிக்கு அவர்தான் அரசன், அவர்தான் ஒரே குடிமகன். இஷ்டப்பட்டபடி ஒரு பெயரைப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். போடவில்லை. விதியை எழுதியவரே விதிக்குக் கட்டுப்பட்டார், பிடிக்கவில்லையென்றால் விதியையே மாற்றிவிட்டு எல்லாச் சொற்களையும் மறுபடி சரிபார்த்தார். மேடையில் நின்று ‘உன்னால் முடியும், முடியும்’ என்று கத்துகிற பேச்சுகளை நீயும் கேட்டிருப்பாய், நானும் கேட்டிருக்கிறேன். மண்டபத்தைவிட்டு வெளியே வந்ததும் சூடு ஆறிவிடும். தனக்குத்தானே சட்டம் போட்டு, யாரும் பார்க்காத இடத்திலும் அதற்கு அடங்கி நடக்கிறவனுக்கு அந்தக் கத்தல் தேவைப்படாது. கேலிக்கு அவனிடம் பதில் இருக்கும்.

1937இல் நடந்ததைப் பார். ‘த ஹாபிட்’ விற்றுக்கொண்டிருந்தது. தன் ஆதிக் கதைகளையும் பதிப்பகத்துக்குக் கொடுத்தார். படித்துப் பார்த்தவர், கண்ணை உறுத்தும் கெல்டிக் பெயர்கள் என்று எழுதிவிட்டார். கதைகள் திரும்பி வந்தன. நீயும் நானும் என்ன செய்திருப்போம்? பெயரை மாற்றித் தரட்டுமா என்று கேட்டிருப்போம்! டோல்கீன் பணிவாகக் கடிதம் எழுதினார். அவை கெல்டிக் பெயர்கள் இல்லை, ஒன்றுக்கொன்று உறவுள்ள இரண்டு மொழிகளின் விதிப்படி அமைந்தவை, உள்ளுக்குள் முரண் இல்லாதவை என்றார். ஆவேசப்படவே இல்லை. இருபது வருட உழைப்பு பின்னால் நிற்கிறபோது குரலை உயர்த்த வேண்டியதில்லை. இன்னொரு கடிதத்தில், தன் காதுக்கு இனிக்கிற மொழி உண்மையாகப் பேசப்படக்கூடிய ஓர் உலகத்தை உண்டாக்கத்தான் ‘த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ என்ற நீண்ட புத்தகத்தையே எழுதியதாகவும், சொன்னால் யாரும் நம்புவதில்லை என்றும் குறைப்பட்டுக்கொண்டார். மொழி முதலில், கதை அதற்குப் பின்னால். உலகம் பிரயோசனமில்லை என்று சொன்ன அதுவே அஸ்திவாரம்.

வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு மட்டும் வாய்த்த வேலை என்றும் சொல்லாதே. 2015இல் ‘பாகுபலி’யில் காலகேயர்கள் பேசிய கிளிக்கி, நம் மதன் கார்க்கி செய்தது. தியேட்டரில் கேட்டவர்களுக்கு வெறும் முரட்டுச் சத்தம். உள்ளே பார்த்தால் ‘மின்’ என்றால் நான், அதைத் திருப்பிப் போட்டால் ‘நிம்’, நீ. எதிர்ப்பொருளுக்குத் திருப்பிய ஒலி. சண்டைக் காட்சியில் கத்துவதற்கு இவ்வளவு எதற்கு என்று அவர் நினைத்திருந்தால் அதுவும் வெறும் கத்தலாகவே போயிருக்கும்.

தங்கச்சி, உனக்கும்தான் சொல்கிறேன். ‘முடிந்த பிறகு காட்டுகிறேன்’ என்று ஒளித்து வைக்காதே. எப்போது முடியும்? டோல்கீனுக்கு 1973இல் சாகிறவரை முடியவில்லை. ‘த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ 1954இல் வந்த முதல் பதிப்பில், கதைநாயகன் ஃப்ரோடோ ஒருவரைச் சந்தித்து வாழ்த்தும் இடத்தில், ‘நம் சந்திப்பின்’ என்ற பொருளில் ‘ஒமென்டியெல்மோ’ என்று அச்சாகியிருந்தது. நாம் வேறு, நாங்கள் வேறு என்று தமிழ்ப் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் இல்லாத இந்தப் பாகுபாட்டை அவர் க்வென்யாவில் வைத்திருந்தார். எதிரே நிற்பவரையும் சேர்த்துச் சொல்லும்போது வகர ஒலி வர வேண்டும் என்று பிற்பாடு முடிவுக்கு வந்தார். அறுபதுகளில் இரண்டாம் பதிப்பு வந்தபோது மகரம் போய் வகரம் ஏறியது: ‘ஒமென்டியெல்வோ’. எழுபதைத் தாண்டிய மனிதர், தான் செய்த மொழியில், தான் வகுத்த விதிக்காக, ஒரே ஓர் ஒலியைத் திருத்தினார்.

உன் நோட்டில் அப்படித் திருத்தத் தகுந்த ஒரு வரியாவது இருக்கிறதா? இல்லையென்றால் இன்று ராத்திரியே ஒரு விதியை எழுது. நாளைக்கு அதை நீ எங்கே மீறினாய் என்று தேடு. ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டு.