ஓடுகிற கணினியை எறியலாமா?

2025 அக்டோபர் 14-ந் தேதியோடு விண்டோஸ் 10-க்கு அளித்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் கம்பெனி நிறுத்திவிட்டது. பழுதில்லாத எத்தனையோ கணினிகள் விண்டோஸ் 11-ஐ ஏற்பதில்லை. "என் காசு, புதிது வாங்குகிறேன், யார் கேட்பது?" என்பீர்கள். விலை கொடுத்ததினால் மாத்திரம் வீணாக்கவும் உரிமை வந்துவிடுமா? மடிக்கணினியால் உண்டாகும் கரிவாயுவில் பெரும்பகுதி, நீங்கள் அதைத் திறக்குமுன்பே, சுரங்கத்திலும் ஆலையிலும் வெளியாகிவிடுகிறது. மின்சாரக் கட்டணச் சீட்டில் அது வராது. பணக்கார நாடுகள் கழித்த கணினிகள் கானா தேசத்து அக்ரா நகரின் குப்பைமேட்டுக்கும் போயின. 2021-ல் அதை இடிக்கும்வரை, செம்புக்காகக் கம்பிகளை எரித்த வாலிபர்களே அந்தப் புகையைச் சுவாசித்தார்கள். அவர்களுக்கு யார் விலை கொடுத்தது? லினக்ஸ் என்னும் இலவச ஏற்பாட்டைப் போட்டால் அதே பெட்டி இன்னும் சில வருஷம் உழைக்கும். உங்கள் பிள்ளைகளில் யாருக்காவது அது தெரிந்திருக்கும், கேட்டுப் பாருங்கள்.