நினைவு இழந்தவரிடம் பேசுவது

"ஐயா, உங்களை வலப்பக்கம் திருப்பிப் படுக்க வைக்கப் போறோம்." தீவிர சிகிச்சைப் பிரிவில் நினைவின்றிக் கிடப்பவரிடம் செவிலியர்கள் இப்படிச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பதில் வராது என்று தெரிந்தும் ஏன் சொல்கிறார்கள்?

மருத்துவத்தில் இதற்குக் காரணம் உண்டு. மயக்க மருந்தில் இருப்பவருக்கும் காது கேட்கக்கூடும். பிழைத்து எழுந்த சிலர் அப்போது கேட்ட குரல்களை நினைவுகூர்ந்திருக்கிறார்கள். பேச்சைப் போலவே செவிலியரின் மற்ற பணிகளும் வெளியே தெரியாதவை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உடலைத் திருப்ப வேண்டும். வெண்டிலேட்டரில் இருப்பவரின் தலைமாட்டை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி வைக்க வேண்டும். வாயைத் துடைக்க வேண்டும், குழாயில் சேரும் சளியை உறிஞ்சி எடுக்க வேண்டும். இவை தவறினால் படுக்கைப் புண்ணும் நிமோனியாவும் வந்து, சிகிச்சை காப்பாற்றிய உயிரையே பறித்துவிடக்கூடும்.

ஆனால், என்றுமே எழப்போவதில்லை என்று தெரிந்தவருக்கு? மும்பை கே.ஈ.எம். மருத்துவமனையின் செவிலியர் அருணா ஷான்பாக், 1973 நவம்பரில் பணியிடத்திலேயே கொடூரமாகத் தாக்கப்பட்டு மூளை சேதமடைந்தார். 2015 மே மாதம் இறக்கும்வரை அங்கேயே கிடந்தார். அவர் பேசிக் கேட்டிராத அடுத்த தலைமுறைச் செவிலியர்களும் அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொண்டார்கள். அந்த நிலையில் உயிரை நீட்டிக்கத்தான் வேண்டுமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. 2011 தீர்ப்பு அந்தச் செவிலியர்களை மனமாரப் பாராட்டியது. உயிரை நீட்டிப்பதா என்பதில் இரு தரப்பிலும் நியாயம் இருக்கலாம். உயிர் இருக்கும்வரை எப்படி நடத்த வேண்டும் என்பதில் இரு தரப்பு கிடையாது.

நாம் பதில் மரியாதையை எதிர்பார்த்தே மரியாதை செய்து பழகியவர்கள். கேட்கவும் நன்றி சொல்லவும் முடியாதவருக்குச் செய்யும்போதுதான் அது முழுமையடைகிறது என்று நினைக்கிறேன். தன் மானத்தைத் தானே காத்துக்கொள்ள முடியாத நாட்களில், ஒருவரின் மானம் பக்கத்தில் இருப்பவர் கையில் இருக்கிறது.

ஒரு செவிலியரிடம் பல படுக்கைகளை ஒப்படைத்துவிட்டு இந்தப் பொறுமையை அவரிடம் எதிர்பார்ப்பது அநியாயம். போதிய ஆட்களை அமர்த்துவதும் சிகிச்சையே. நம் பங்கும் ஒன்று உண்டு. உள்ளே விடும் சில நிமிடங்களில் படுக்கையருகே நின்று பில்லைப் பற்றியும் பிழைப்பாரா என்பதைப் பற்றியும் பேசாதிருப்போம். அப்பா என்றோ அக்கா என்றோ முறை சொல்லிக் கூப்பிட்டு, அவரிடமே பேசுவோம்.